சங்கீதத்துக்குள் வந்த மலை

எங்கள் ஊரில் வேதம் என்றால் கல். நான்கு வேதங்களும் நான்கு குன்றுகளாக நிற்கின்றன, அவற்றில் அதர்வண வேதமாகிய குன்றின் உச்சியில் ஈசன் குடியிருக்கிறான் என்று திருக்கழுக்குன்றத்துத் தலபுராணம் சொல்கிறது. வேதகிரி என்ற பெயர் அதனால் வந்தது. தேவார மூவரும் பாடிய மலை. மாணிக்கவாசகரின் பதிகம் பெற்ற மலை. உச்சிக்குப் போக ஐந்நூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டும். நான் பிறந்த தெருவிலிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும். ஆனால் என் தாத்தா காலம்வரை எங்கள் தெருக்காரர்கள் அதைப் பார்த்தார்களே தவிர, ஏறியதில்லை. 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பிறகுதான் அந்தப் படிகள் எங்கள் காலுக்கும் உரியவை ஆயின.

எங்கள் வீட்டிலும் ஒரு வேதம் இருந்தது. கறுப்பு அட்டை, ஓரங்களில் சிவப்பு மங்கிப்போன தாள், முதுகில் என் அப்பா கோணிநூலால் போட்ட தையல். பானை அடுக்குக்கு மேலே பரண் பலகையில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். எங்களை ஊர்த்தெருவில் 'வேதத்துல சேந்தவங்க' என்றுதான் சொல்வார்கள். வேதம் என்ற சொல்லையும் ஆகமம் என்ற சொல்லையும் சைவர்களிடமிருந்து எடுத்துச் சேர்த்து வேதாகமம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். சொல்லைக் கடன் வாங்கியபோது அதனோடு வந்த ஓர் எதிர்பார்ப்பையும் வாங்கிக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வேதம் என்றால் அசையக்கூடாது. மலைபோல் நிற்க வேண்டும்.

மலையிலிருந்து இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் இருக்கிறது. பல்லவர் காலத்துக் குடைவரை. நான் தமிழாசிரியராக இருந்த 31 வருஷமும் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். மண்டபத்துக் கல்லில் ஐரோப்பிய எழுத்தில் பெயர்கள் வெட்டியிருக்கும். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் துணி வியாபாரம் செய்த டச்சுக்காரர்கள் மலை பார்க்க வந்து வெட்டிவிட்டுப் போனவை. அந்தக் காலத்து டச்சுக்காரர்கள் சிலர் சதுரங்கப்பட்டினக் கோட்டைக்குள் கல்லறைகளில் கிடக்கிறார்கள். அந்தக் காலத்து டச்சு வீடுகளில் இருந்த வேதாகமம் 1637இல் அச்சான மொழிபெயர்ப்பு. 1618-19இல் டோர்ட்ரெக்ட் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை உத்தரவிட்டுச் செய்யவைத்தது. அதைச் செய்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள்: வாக்கியம் நிறைவதற்காகத் தாங்கள் சேர்த்த சொற்கள் எவை என்று வாசிப்பவனுக்குத் தெரியும்படி அவற்றை வேறாகக் காட்டி அச்சிட்டார்கள். தேவனுடைய சொல் இது, எங்கள் கை பட்ட சொல் இது என்று பிரித்துக் காட்டிய அந்த நேர்மைக்காகவே அவர்களை நான் மதிக்கிறேன். அந்த மண்டபத்தில் நிற்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

இதையெல்லாம் எழுதவைத்தது போன வருஷம் லெந்து காலத்தில், ஒரு புதன்கிழமை வேதப்பாடத்தில் நடந்த சம்பவம். யோவானின் முதலாம் நிருபம், ஐந்தாம் அதிகாரம். ஒரு பையன் தன் பழைய திருப்புதல் வேதாகமத்திலிருந்து ஏழாம் வசனத்தை வாசித்தான். பரலோகத்தில் சாட்சி கொடுப்பவர்கள் மூவர், அவர்கள் ஒன்றாயிருக்கிறார்கள் என்ற வசனம். பக்கத்தில் இருந்த பெண்ணின் கையில் 1995இல் கத்தோலிக்கரும் மற்றத் திருச்சபையாரும் சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியம். அவள் விரல் வைத்துத் தேடினாள். இல்லை. பிதா, வார்த்தை, ஆவி என்று பரலோகச் சாட்சிகளைச் சொல்லும் பகுதி அதில் கிடையாது.

பையனுக்கு முகம் மாறிவிட்டது. "சார், வசனத்த எடுத்துட்டாங்க சார்" என்றான். நான் விளக்கம் சொல்லத் தொடங்கியதும் அவன் குறுக்கிட்டான். "ஒரு வசனம் தப்புன்னா, இயேசு உயிரோட எழுந்தாருன்றத மட்டும் நான் எப்படி சார் நம்பறது?" குரல் நடுங்கியது. அவன் அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. உயிர்த்தெழுதல் அவனுக்குக் கோட்பாடாக இருக்கவில்லை. அப்பாவைத் திரும்பப் பார்ப்பேனா என்ற கேள்வியாக இருந்தது. அவனுக்கு அன்று நான் சொன்னது போதவில்லை.

முதலில் அந்த வசனத்தின் கதை. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. லத்தீன் பிரதிகளின் வழியாக வந்தது. 1516இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மஸ் அதைச் சேர்க்கவில்லை. 1519இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் சேர்க்கவில்லை. ஆட்சேபம் எழுந்த பிறகு, 1522இல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். மார்ட்டின் லுத்தர் ஜெர்மன் மொழிக்குப் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது கையில் வைத்திருந்தது இரண்டாம் பதிப்பு. ஆகவே லுத்தர் மொழிபெயர்த்ததில் அந்த வசனம் இல்லை. வேதம் ஒன்றே போதும் என்று உலகத்தை எதிர்த்து நின்ற மனிதரின் வேதத்தில் அது இல்லை! லுத்தருக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் கிறிஸ்துவின் தெய்வத்துவத்துக்காக வாதாடியபோதும் அந்த வசனத்தைக் கொண்டுவந்து வாதாடவில்லை. அது இல்லாமலேதான் சபை திரித்துவத்தை அறிக்கையிட்டது.

அந்த வரலாற்றைப் பையனுக்குச் சொன்னேன். தலையாட்டினான். ஆனால் ஐரோப்பாவின் கதை அவனுக்குத் தூரமாக இருந்தது. நம்முடைய தமிழ் வேதத்தின் கதையைச் சொல்லியிருக்க வேண்டும்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711 மார்ச்சில் முடித்தார். ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் அச்செழுத்து பெரிதாக இருந்தது, காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தகட்டை உருக்கிச் சிறிய எழுத்தை இங்கேயே வார்த்தார்கள் என்று சொல்வார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சாகி வந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்வரை வந்து, 1719இல் தம் 36ஆம் வயதில் சீகன்பால்கு இறந்துபோனார். அவர் தமிழை வீரமாமுனிவர் கடுமையாக விமர்சித்தார். தமிழ் என்று பார்த்தால் முனிவர் சொன்னதில் நியாயம் உண்டு. தேம்பாவணி எழுதிய கைக்குத் தரங்கம்பாடித் தமிழ் உறுத்தத்தான் செய்யும். ஆனால் உறுத்துகிற அந்தத் தமிழில்தான் சாதாரணத் தமிழன் ஒருவன் சுவிசேஷத்தை முதன்முதலாகத் தன் கண்ணால் அச்சில் வாசித்தான். அதை வாசித்துக் கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள். வாக்கியம் பிழையாக இருந்ததால் அவர்கள் பற்றியது பிழையாகிவிடவில்லை.

அடுத்து வந்தவர் பப்ரிசியஸ். 1742 முதல் சென்னையில் இருந்தார். 1761இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலப் படை கொண்டுவந்த அச்சு இயந்திரம் அவரிடம் கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்தவருக்கும் படியாதவருக்கும் வாசித்துக் காட்டி, காதில் விழுந்தவுடன் புரிகிறதா என்று பார்த்துத் திருத்தினார். பணக் காரியங்களில் ஏமாந்து, கடனுக்காகச் சிறைக்குப் போய், 1791இல் இறந்தார். அவருடைய பழைய ஏற்பாடு 1796இல்தான் முழுதாக வெளிவந்தது. லுத்தரன் சபைகள் அதைப் பொன்போல் போற்றின. அந்தத் தமிழைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அதுவே தேவனுடைய குரலாக ஆகிவிட்டது. இங்கேதான் என் கதைக்கு வேண்டிய முடிச்சு விழுகிறது.

1820களில் மிஷனரி இரேனியஸ் அந்த மொழிபெயர்ப்பைத் திருத்த முற்பட்டார். எழுத்தைவிடப் பொருள் விளங்குவதே முக்கியம் என்று வாதிட்டவர் அவர். தஞ்சாவூரில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. முன்னால் நின்றவர் வேதநாயகம் சாஸ்திரியார். ஸ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோஜி மன்னரின் நண்பர், தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞர்களில் தலையாயவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் எங்கள் ஆலயத்தில் பாடுகிறோம். நான் பாடும்போது கண் கலங்கும். அவர் புதிய மிஷனரிகளின் கொடுமைகள் என்று நான்கைப் பட்டியலிட்டு எழுதினார். வேதப்புத்தகத்தை மாற்றுவது அதில் ஒன்று. சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொல்வது இன்னொன்று. விழாவிலும் சடங்கிலும் பூவைத் தடுப்பது, பாட்டைத் தடுப்பது மற்ற இரண்டும்.

இதை முதன்முதல் படித்தபோது எனக்கு 40 வயதிருக்கும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பூவும் பாட்டும் வேண்டும் என்று அவர் போராடியது எனக்கு முழுதும் சம்மதம். வேதத்தின் சொல்லைக் காக்க வேண்டும் என்ற தவிப்பும் புரிகிறது. ஆனால் அதே மூச்சில், எங்களோடு ஒரே பாயில் உட்காருவது கொடுமை என்று அவரால் எழுத முடிந்திருக்கிறது. வேதத்தில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்பவருக்கு, அந்த எழுத்துகள் யாரைப்பற்றிப் பேசுகின்றனவோ அவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கேட்டது கண்ணில் படவில்லை. சாஸ்திரியாரை நான் வெறுக்கவில்லை. அவர் காலத்தின் சாதி அவரைப் பிடித்திருந்தது. ஆனால் எழுத்தைக் காப்பதும் கிறிஸ்துவைப் பற்றிக்கொள்வதும் ஒன்றே என்று யாராவது சொன்னால், தஞ்சாவூரைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

யாழ்ப்பாணத்தில் இதன் மறுபக்கம் நடந்தது. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் புதிய மொழிபெயர்ப்புக்கு ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1850இல் அது வெளிவந்தது. வேதாகமத்தை வரிவரியாக, சொல்சொல்லாக நாவலர் அறிந்த அளவுக்கு அன்றைய தமிழ்க் கிறிஸ்தவர்களில் எத்தனைபேர் அறிந்திருப்பார்கள்? ஆனால் அவர் சைவராகவே இருந்தார். 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதி, வேதாகமத்தில் உள்ள ஆலயம், விளக்கு, தூபம், பலி எல்லாவற்றையும் எடுத்துக்காட்டி, சைவ வழிபாட்டைப் பழிக்க உங்களுக்கு என்ன நியாயம் என்று மிஷனரிகளைக் கேட்டார். வலுவான கேள்வி. எழுத்தை அறிவது ஒன்று, கிறிஸ்துவுக்குத் தன்னைக் கொடுப்பது இன்னொன்று என்பதற்கு நாவலரைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பேர்சிவலின் மொழிபெயர்ப்பு வடமொழி மிகுந்தது என்று சபைகள் ஒதுக்கிவிட்டன. பிறகு ஹென்றி பவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. 1871இல் முழு வேதாகமம் வந்தது. இன்றும் பெரும்பாலான வீடுகளில் உள்ள பழைய திருப்புதல் அதுதான். அதில் கடவுளின் பெயரே மாறியது. பப்ரிசியஸ் 'பராபரன்' என்று எழுதிய இடத்தில் 'தேவன்' வந்தது. லுத்தரன் சபைகள் ஏற்க மறுத்து, பப்ரிசியஸையே பிடித்துக்கொண்டிருந்தன. 20ஆம் நூற்றாண்டில் லார்சன், மோனகன் ஆகியோர் செய்த திருத்தங்களில் தேவன் 'கடவுள்' ஆனார். அப்போது 1871ஐ ஏற்றுக்கொண்டிருந்த சபைகள் அதையே விடமாட்டோம் என்றன. இன்று அந்தப் பையன் 'மாறாத வேதம்' என்று மார்போடு அணைத்துக்கொள்ளும் புத்தகத்தை, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் 'வேதத்தை மாற்றிவிட்டார்கள்' என்று சொல்லித் தள்ளிவைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் கிறிஸ்துவை நேசித்தவர்கள்தான்.

எங்கள் பகுதிக்குச் சுவிசேஷம் ஸ்காட்லாந்து வழியாக வந்தது. 1837இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் பள்ளிக்கூடம் தொடங்கினார்; சில ஆண்டுகளில் செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் கிளைகள் வந்தன. 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை இரண்டாக உடைந்தபோது இவர்கள் ஃப்ரீ சர்ச் பக்கம் நின்றார்கள். அந்த ஃப்ரீ சர்ச்சை அடுத்த தலைமுறையில் உலுக்கியது, வேதத்தில் பிழை உண்டா என்ற இதே கேள்வி. வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித் என்ற அபர்டீன் பேராசிரியர் 1875இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்துக்கு வேதாகமம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உபாகமத்தை மோசே தம் கையால் எழுதியதாகச் சொல்ல முடியாது என்று அதில் வந்தது. பல வருஷம் விசாரணை நடந்தது. தம் விசுவாசத்தில் குறையில்லை, கிறிஸ்துவே இரட்சகர் என்று அவர் கடைசிவரை சொன்னார். 1881இல் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கினார்கள். அதே 1881இல் அமெரிக்காவில் இறையியலாளர்கள் ஹாட்ஜும் வார்ஃபீல்டும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: முதன்முதலில் எழுதப்பட்ட மூலச் சுவடிகளில் வேதத்துக்கு எந்தப் பிழையும் கிடையாது என்று. இன்று மேடைகளில் கேட்கும் 'பிழையற்ற வேதம்' என்ற கோட்பாட்டுக்கு உருவம் கொடுத்த எழுத்துகளில் அது முக்கியமானது.

அந்தச் சண்டை அங்கே நடந்த 1880களில் செங்கல்பட்டில் ஃப்ரீ சர்ச்சின் மிஷனரியாக இருந்தவர் ஆடம் ஆண்ட்ரு. அவருக்கு இங்கே கிடைத்த கேள்வி வேறு. குடியிருக்கும் மனைகூடத் தன்னுடையதாக இல்லாதவன், ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் மிராசுதார் 'குடிசையைப் பிரி' என்றால் எங்கே போவான்? ஆண்ட்ரு நிலத்துக்காகவும் மனைக்காகவும் எழுதிக்கொண்டே இருந்தார். மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலையைப்பற்றி எழுதிய அறிக்கையும், 1892இல் வந்த அரசாணை 1010உம், இன்று பஞ்சமி நிலம் என்று சொல்கிறோமே அதுவும் அந்த வருஷங்களின் கதை. அதைத் தனியாகவே எழுத வேண்டும். இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன்.

என் பாட்டனின் அப்பா அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். எழுத்து அறியாதவர். செங்கல்பட்டிலிருந்து நடந்துவந்த உபதேசியார் மாட்டுக்கொட்டகையில் விளக்கு வைத்து மூன்று காரியங்களைச் சொல்லிக்கொடுத்தாராம்: பத்துக் கற்பனை, கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம். மூன்றையும் மனப்பாடமாகச் சொன்னால் ஞானஸ்நானம். இதை என் அப்பா சொல்லச் சொல்ல எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வெகுநாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். விசுவாசப் பிரமாணத்தில் பிதாவை விசுவாசிக்கிறேன் என்று வருகிறது. குமாரனை, அவர் பிறந்ததை, பாடுபட்டதை, எழுந்ததை விசுவாசிக்கிறேன் என்று வருகிறது. பரிசுத்த ஆவி, சபை, பாவமன்னிப்பு, சரீர உயிர்த்தெழுதல் எல்லாம் வருகின்றன. வேதப்புத்தகத்தை விசுவாசிக்கிறேன் என்று ஓர் இடத்தில்கூட வரவில்லை. நிசேயப் பிரமாணத்திலும் அவர் வேதவாக்கியங்களின்படி எழுந்தார் என்று வருகிறதே தவிர, விசுவாசம் வைக்கும் இடமாக வேதம் வரவில்லை. வேதம் அவரிடம் கொண்டுபோய் விடுகிறது. எங்கள் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் சேர்ந்தன. இந்தத் திருச்சபையின் அமைப்புச் சட்டமும் இரட்சிப்புக்கு வேண்டிய எல்லாம் வேதத்தில் அடங்கியிருக்கின்றன, விசுவாசத்துக்கு அதுவே மேலான அளவுகோல் என்கிறது. பிழையற்றது என்ற சொல்லை அது பயன்படுத்தவில்லை.

அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவில்தான், விசுவாசம் எதில் நிற்கிறது என்ற கேள்வி உலக அரங்குக்கும் வந்தது. 1938 டிசம்பரில், தாம்பரத்துக்கு மாறி இரண்டு வருஷம்கூட ஆகாத சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில், சர்வதேச மிஷனரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 470 பிரதிநிதிகள். நெதர்லாந்திலிருந்து ஹென்ட்ரிக் கிரேமர் ஒரு பெரிய புத்தகத்தோடு வந்தார். சென்னையைச் சேர்ந்த செஞ்சையா, சக்கரை முதலானவர்கள் அந்த ஆண்டே ஒரு பதில் புத்தகம் கொண்டுவந்திருந்தார்கள். செஞ்சையா நீதிபதியாக இருந்தவர். சக்கரை பின்னர் சென்னை மேயரானவர். இந்தியக் கிறிஸ்தவனுக்கு முதலில் வேண்டியது உயிருள்ள கிறிஸ்துவோடு நேரான உறவு, மற்றவை பிறகு என்றார் செஞ்சையா. பழைய ஏற்பாட்டை அவர் இலேசாக ஒதுக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை; யாத்திராகமம் இல்லாமல் என் தெருவுக்குச் சுவிசேஷம் புரிந்திருக்காது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். எதிரும் புதிருமாக நின்ற கிரேமரும் செஞ்சையாவும், இருவருமே தம் விசுவாசத்தை எழுத்தின் பிழையின்மையில் நிறுத்தவில்லை. கிறிஸ்து என்ற நபரில் நிறுத்தினார்கள்.

1978 அக்டோபரில் சிகாகோவில் கூடிய இவாஞ்சலிக்கல் தலைவர்கள் 19 பிரிவுகளில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். வேதத்தின் பிழையின்மையைக் கண்டிப்பாகச் சொல்லும் அறிக்கை. என் அண்ணன் அதை நம்புகிறவர். ஊழியக்காரர், ஆஸ்பத்திரி வராந்தாக்களில் முப்பது வருஷமாக நோயாளிகளுக்காக முழங்காலில் நிற்கிறவர். 'ஒரு கல்லை உருவினா சுவரே விழுந்துடும் தம்பி' என்பார். அவருடைய பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. அறிவாளிகள் ஒவ்வொன்றாக உருவி, கடைசியில் உயிர்த்தெழுதலையும் உருவிவிட்டுப் போனதை அவர் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சிகாகோ அறிக்கையே பிழையின்மையை மூலச் சுவடிக்குத்தான் கோருகிறது. மூலச் சுவடி ஒன்றுகூட இன்று யார் கையிலும் இல்லை. அண்ணன் கையில் இருப்பது 1871இன் தமிழ். அவர் நோயாளியின் காதருகே வாசிப்பதும் அதுதான். அந்த நோயாளி தேறுதல் அடைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்க்காத சுவடியின் பிழையின்மையிலிருந்து அந்தத் தேறுதல் வரவில்லை. வாசிக்கப்படுகிற வார்த்தையின் வழியாக வருகிறவர் ஒருவர் இருக்கிறார், அவரிடமிருந்து வந்தது. இதை அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் என் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார்.

பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது என் ஆயாவின் கதை.

ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. நாற்று நடவுக்குப் போவாள், களை எடுப்பாள். 23ஆம் சங்கீதத்தை முழுசாகச் சொல்வாள். ஆனால் அவள் சொல்லும் சங்கீதத்தில் ஒரு பிழை உண்டு. மரண இருளின் பள்ளத்தாக்கு வரும் இடத்தில் நின்று, 121ஆம் சங்கீதத்தின் மலையை அங்கே கொண்டுவந்து வைத்துவிடுவாள். பள்ளத்தாக்கில் நடக்கிறேன், மலையைப் பார்க்கிறேன், உதவி வருகிறது, பிறகு கோலும் தடியும் தேற்றும். அந்த வரிசையில்தான் அவளுக்கு வரும். உபதேசியார் வாயிலிருந்து காதில் விழுந்த இரண்டு சங்கீதங்கள் எந்த வருஷத்திலோ ஒன்றாக ஒட்டிக்கொண்டன.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கினேன். அந்தத் தைரியத்தில் ஆயாவைத் திருத்தப் போனேன். "ஆயா, நீ சொல்றது தப்பு. மலை அங்க வராது." அவள் சிரித்தாள். வாசலுக்கு வெளியே கையைக் காட்டினாள். சாயங்கால வெளிச்சத்தில் வேதகிரி நின்றது. "தோ நிக்குது பாரு, வராதுன்றியே" என்றாள். அப்பா என்னைக் கூப்பிட்டு, "அவுங்கள சொல்ல விடுறா" என்றார்.

அந்த 121ஆம் சங்கீதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பழைய திருப்புதலில் முதல் வசனம், உதவி மலைகளிலிருந்து வருகிறது என்பதுபோல் ஓடும். லுத்தரின் ஜெர்மன் அப்படித்தான்; பழைய ஆங்கிலமும் அப்படித்தான். எபிரெயத்தில் அது கேள்வி. மலைகளைப் பார்க்கிறேன், எனக்கு உதவி எங்கிருந்து வரும்? திருவிவிலியம் கேள்வியாகவே மொழிபெயர்த்திருக்கிறது. அடுத்த வசனம் பதில் சொல்கிறது: வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து. இதை முதன்முதலாக ஒப்பிட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏறவிடாத மலையைத் தினமும் பார்த்துக்கொண்டு வயலில் குனிந்து நின்ற தலைமுறைகள் எங்களுடையவை. உதவி அந்த மலையிலிருந்து வரும் என்பதைவிட, அந்த மலையைப் பார்த்தபடி 'எங்கிருந்து வரும்?' என்று கேட்பது எங்கள் வாய்க்கு எவ்வளவு பொருந்துகிறது! பழைய தமிழ் எழுத்தில் அந்தக் கேள்வி மறைந்திருந்தது. ஆயாவுக்கு அது மறைந்திருக்கவில்லை. பதிலாக வருகிறவரை அவள் அறிந்திருந்தாள். இயேசுசாமி என்று கூப்பிடுவாள். களத்துமேட்டில் கூலி அளக்கையில் மரக்கால் குறைந்தால், "இயேசுசாமி பாத்துனுகிறாரு" என்று உரக்கச் சொல்வாளாம். அளப்பவன் கை ஒரு நிமிஷம் நிற்குமாம்.

அவள் 1974இல், அறுப்புக் காலத்தில் இறந்தாள். மழை விட்ட சாயங்காலம். கல்லறைத் தோட்டத்தில் ஐயர் ஆராதனை முடித்தபின் அப்பா முன்னால் வந்து நின்றார். கையில் அந்தக் கறுப்பு அட்டை வேதம். அதை அவர் திறக்கவில்லை. 23ஆம் சங்கீதத்தைச் சொல்லத் தொடங்கினார். பள்ளத்தாக்கு வந்தது. அப்பா நின்றார். தலையை நிமிர்த்தி, எங்கள் தலைகளுக்கு மேலே, ஈரத்தில் கறுத்து நின்ற மலையைப் பார்த்தார். பிறகு மலையைச் சொன்னார், உதவியைச் சொன்னார், கோலையும் தடியையும் சொன்னார். ஆயாவின் வரிசையிலேயே சொல்லி முடித்தார். ஐயர் ஆமென் என்றார்.